கட்டணம் கட்டப்போவது சித்தப்பா இல்லை

கணினிப் பொறியியலில் இடம் கிடைத்தும் மகள் சேர மறுக்கிறாள், நிறுவனங்களுக்குக் கதாபாத்திரம் வரையப் போகிறேன் என்கிறாள், ‘பொம்மை வரைந்தால் சோறு போடுமா?’ என்று அவளுடைய சித்தப்பா கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பதற்றம் புரிகிறது. ஆனால் அவளுக்கு ஒட்டாத படிப்புக்கு நான்கு வருடம் பணம் கட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தைச் சித்தப்பா கட்டப்போவதுமில்லை.

பொம்மை என்று ஒதுக்க வேண்டாம். மிஷலின் நிறுவனத்தின் டயர் மனிதர் 1898-இல் சுவரொட்டியில் வந்தவர், இன்னும் வேலையில் இருக்கிறார். மொழி கற்றுத்தரும் டுவோலிங்கோ செயலியை நினைத்தால் முதலில் வருவது அந்தப் பச்சை ஆந்தைதான்.

அழகாக ஒரு படம் போடுவது இதில் சின்னப் பங்கு. உருவத்தை முழுக்கக் கறுப்பால் நிரப்பினாலும் யாரென்று தெரிய வேண்டும். பெரிய விளம்பரப் பலகையில் நிற்கும் அதே உருவம், கைப்பேசியில் நகத்தளவு ஐகானாகச் சுருங்கினாலும் புரிய வேண்டும். அப்புறம் மாடல் ஷீட், அதாவது உருவத்தை எப்போதும் ஒரே மாதிரி வரைவதற்கான வழிகாட்டித் தாள்: முன், முக்கால், பக்கவாட்டு, பின் தோற்றங்கள், உடல் எத்தனை தலை உயரம் என்ற கணக்கு, கூடவே முகபாவங்கள். இதில் மன்னிப்புக் கேட்கும் முகம்தான் கஷ்டம். பணம் போய்ச் சேராத நேரத்தில் திரையில் பல்லைக் காட்டும் பொம்மையைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

பிறகு அசைவு. மேல்கை, முன்கை, கண்ணிமை எல்லாம் தனித்தனி லேயராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தனிப் படங்களாக, இருக்க வேண்டும். மூட்டுக்குள் மறைவாகக் கொஞ்சம் கூடுதலாக வரைந்து வைக்காவிட்டால், ரிக் போட்டு, அதாவது உருவத்தை அசைக்க உள்ளே எலும்புக்கூடு போல ஒன்றைப் பொருத்தி, கையை மடக்கும்போது முழங்கையில் ஓட்டை தெரியும். செயலிக்கென்றால், அதற்குள் அசைவுப் படம் ஓட்ட உதவும் லாட்டி, ரைவ் போன்றவற்றில் கோப்பு சிறிதாகவும் இருக்க வேண்டும். இவ்வளவையும் பொறுமையாகச் செய்பவர் குறைவு. செயற்கை நுண்ணறிவு ஒரு படத்தை நொடியில் தரும், உண்மைதான். அதே கதாபாத்திரம் நூறு இடங்களில் பிசகாமல் நடக்க, பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும்.

சரி, எங்கே படிப்பது? கடன் வாங்கி அனிமேஷன் பட்டத்தில் சேர்க்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் புரட்டுவது போர்ட்ஃபோலியோவை, அதாவது அவள் செய்த வேலைகளின் தொகுப்பை. வரையவும் அசைவூட்டவும் உதவும் பிளெண்டர், கிரிட்டா மென்பொருள்கள் இரண்டும் இலவசம், கணினியோடு இணைத்து வரையும் திரையில்லாத சாதாரண பென் டேப்லெட் தொடக்கத்துக்குப் போதும். பட்டம் வேண்டுமென்றால் கட்டணம் குறைந்த நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. தொடக்க வருமானம் சீராக வராது. அதனால் முதல் சில வருடம் ஒரு விளம்பர நிறுவனத்திலோ செயலி வடிவமைப்புக் குழுவிலோ சம்பளத்துக்கு இருக்கட்டும். தனியாக வேலை எடுக்கும்போது எத்தனை திருத்தம், பதிப்புரிமை யாருக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உரிமையை முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு அந்த உருவத்தில் பொம்மை செய்து விற்றாலும் அவளுக்கு எதுவும் வராது. விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஆறு மாதம் கொடுங்கள். கற்பனையான ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஒரு கதாபாத்திரம், மாடல் ஷீட்டிலிருந்து பத்து வினாடி அசைவு வரை அவளே முடிக்கட்டும். கிடைத்த இடம் போய்விடும், போகட்டும். பக்கவாட்டுத் தோற்றத்திலேயே சலித்துவிட்டால் வேறு படிப்பு பேசலாம். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.