பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஆய்வு: எதில் தொடங்குவது?

"எங்கள் தோட்ட இளைஞர் மன்றத்தை ஒரு பல்கலைக்கழகத் துறை கூட்டாய்வுக்குக் கூப்பிடுகிறது. மக்களுக்குப் பிரயோசனப்பட வேண்டுமென்றால் என்ன செய்யலாம்?" என்பது கேள்வி.

முதலில், தலைப்பை நீங்களே சொல்லுங்கள். 'பெருந்தோட்ட வறுமை' என்று ஆரம்பித்தால் அது யாரோ ஒருவரின் பட்டத்தோடு முடிந்துவிடும். உங்கள் டிவிஷனுக்குள் (தோட்டப் பிரிவுக்குள்) ஆறு மாதத்தில் மாற்றக்கூடிய ஒன்றை எடுங்கள். உதாரணமாகக் கடிதம். லயன் என்ற வரிசை வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, பிறகு யார் கையிலாவது மாறி வரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்தவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருப்பார்கள்.

இதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைப் பதிவுக் கொப்பி) போதும். அனுப்பியது யார், உறையில் உள்ள முத்திரைத் திகதி, கைக்குக் கிடைத்த திகதி, கொண்டுவந்தவர், பிரிக்கப்பட்டிருந்ததா என்று ஐந்து நிரல் போடுங்கள். உறையை அடுப்பில் போட்டுவிட வேண்டாமென்று வீடு வீடாகச் சொல்லிவையுங்கள். முத்திரை மங்கியிருந்தால் தாமதக் கணக்கில் அந்தக் கடிதத்தைச் சேர்க்காதீர்கள்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: வந்தே சேராத கடிதம் கொப்பியில் ஏறாது. பல்கலைக்கழகத்தின் உதவி தேவைப்படுவது இங்கேதான். அவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு சோதனைக் கடிதம் போடட்டும்: ஒன்று தோட்ட முகவரிக்கு, மற்றது அந்தக் குடும்பம் வழக்கமாகக் கொடுக்கும் டவுன் கடை முகவரிக்கு. ஒரே காம்பராவில் (லயன் அறையில்) இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பமாகக் கணக்கிடுங்கள். ரோட்டோர லயனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆய்வு வீண்.

தமிழில் ஒரு பக்க உடன்படிக்கை எழுதுங்கள். மூலக் கொப்பி யாரிடம் இருக்கும், அறிக்கையை அச்சுக்கு முன் யார் வாசிப்பார்கள், தகவல் எடுக்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்பது அதில் வர வேண்டும். ஒரு பேரை (ஒரு நாள் சம்பளத்தை) விட்டுவிட்டு வருகிறவருக்குச் சான்றிதழ் மட்டும் கொடுப்பது அநியாயம்.

துரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதி தோட்டத்துக்குள் நுழையத்தான். மக்களின் சம்மதம் வேறு. கங்காணியோ தொழிற்சங்கத் தலைவரோ பக்கத்தில் நின்றால் எல்லாக் கேள்விக்கும் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு நேரத்திலும் கொழுந்து நிறுக்கும் நேரத்திலும் போகாதீர்கள். பெண்களிடம் பெண்பிள்ளைகளே தனியாகப் பேசட்டும். கணவர் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்திருந்தால் பதிலும் அவருடையதாகிவிடும். 1948இல் பறிபோன பிரஜாவுரிமைக்காக 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கடதாசியோடு அலைந்த குடும்பங்கள் கையெழுத்துக்குத் தயங்குவதில் நியாயம் உண்டு. சாட்சி முன்னிலையில் வாய்மொழிச் சம்மதம் பெற ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேட்கச் சொல்லுங்கள். அனுமதி வந்தபின் கேள்வியை மாற்றினால் மறுபடி அதே குழுவிடம்தான் போக வேண்டும்.

அறிக்கையில் லயன் இலக்கத்தைப் போடாதீர்கள். பன்னிரண்டு காம்பராவில் யார் சொன்னது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

எண்கள் கையில் வந்ததும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தபால் திணைக்களத்திடம் கேளுங்கள்: உங்கள் டிவிஷனில் வீட்டு விநியோகம் உண்டா, இல்லையென்றால் ஏன்? 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். லயனுக்கு இலக்கப் பலகையும் தபால் பெட்டியும் பிரதேச சபையிடம் கேட்கலாம். பிரதேச சபைச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் தோட்டத்துக்குள் சபை செலவு செய்யத் தடையில்லை.

ஆனால் இதையெல்லாம் வெளியே கொண்டுபோகுமுன் தபாற்காரருக்கும் காரியாலயக் கிளார்க்குக்கும் முடிவை வாசித்துக் காட்டுங்கள். தங்கள்மேல் போட்ட பெட்டிசம் (முறைப்பாட்டு மனு) என்று அவர்கள் நினைத்துவிட்டால் அடுத்த மாதம் கொப்பியில் எழுத ஒன்றும் கிடைக்காது.