டெக்சஸில் காலிங் பெல்லை அடித்துவிட்டு ஓடும் சிறுவர்களைச் சுட சட்டம் இடம் தருகிறதா? பிள்ளைகளிடம் என்ன சொல்லி வைப்பது?

இடம் தரவில்லை. ஆனால் இந்த ஒரு வரியை நம்பிப் பிள்ளையை இரவில் வெளியே விட்டுவிட முடியாது. துப்பாக்கி வெடித்த பிறகுதான் சட்டம் வந்து சேர்கிறது.

பலரும் இதைக் கேட்பதற்குக் காரணம் ஹூஸ்டன் சம்பவம். 2025 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை, இரவு 11 மணி வாக்கில் நகரத்தின் கிழக்குப் பகுதியில் சில பையன்கள் வீட்டு வாசல்களில் பெல் அடித்துவிட்டு ஓடி விளையாடினார்கள். ஒரு வீட்டிலிருந்து ஆள் வெளியே ஓடிவந்து, தெருவில் ஓடிக்கொண்டிருந்தவர்களை நோக்கிச் சுட்டார் என்கிறது போலீஸ். 11 வயதுப் பையனுக்கு முதுகில் குண்டு பாய்ந்தது, மறுநாள் இறந்துபோனான். கைதான 42 வயதுக்காரர் மீது பதிவானது கொலை வழக்கு. சுட்ட இடம் வீட்டை ஒட்டியதல்ல, தற்காப்பாகத் தெரியவில்லை என்று விசாரணை அதிகாரி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

‘டெக்சஸ்ல வீட்டுக்கு வந்தா சுடலாம்’ என்று காற்றுவாக்கில் சொல்கிறார்களே, அதன் மூலம் ‘கேசில் டாக்ட்ரின்’ (வீடே ஒருவரின் கோட்டை என்ற கொள்கை) என்கிற 2007 திருத்தம். தண்டனைச் சட்டம் 9.32 பிரிவில் இருக்கிறது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் ஒருவர் சட்டவிரோதமாகவும், பலத்தைப் பயன்படுத்தியும் நுழைந்தால், அல்லது நுழைய முயன்றால், சுட்டவர் பயந்ததில் நியாயம் இருந்தது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். ‘பலத்தைப் பயன்படுத்தி’ என்ற நிபந்தனையில்தான் எல்லாம் நிற்கிறது. பெல்லை அமுக்குவது பலப்பிரயோகம் ஆகாது. சொல்லப்போனால், வாசல்வரை நடந்துவந்து, கதவைத் தட்டி, சற்று நேரம் நின்று பார்த்துத் திரும்பிப்போக யாருக்கும் வழக்கப்படியான அனுமதி உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2013இல் ஒரு ஃபுளோரிடா வழக்கில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அதே சமயம், சமூக ஊடகத்தில் சுற்றிய ‘டோர் கிக்’ சவாலை இதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். கதவைக் காலால் உதைத்துவிட்டு ஓடுவது. பையன்களுக்கு இரண்டும் ஒரே விளையாட்டுதான். உள்ளே படுத்திருப்பவருக்கோ இது கதவை உடைக்கும் சத்தம். சட்டத்தின் கண்ணிலும் நுழைய முயற்சி என்று வாதாட இடம் கொடுத்துவிடுகிறது. பிள்ளையிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும் என்றால், ‘கதவை உதைக்காதே’ என்பதைச் சொல்லுங்கள்.

அடுத்த ஆபத்து 9.42 பிரிவு. சொத்தைக் காக்கக்கூட உயிர்போக்கும் பலத்தைப் பயன்படுத்தலாம் என்கிற, மற்ற மாநிலத்துக்காரர்கள் கேட்டால் வாய்பிளக்கும் பிரிவு. திருட்டும் சொத்தைச் சேதப்படுத்துவதும் இரவில் நடந்தால் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். வேறு வழியில் சொத்தைக் காக்கவோ மீட்கவோ முடியாது, அல்லது குறைந்த பலத்தைப் பயன்படுத்தினால் தனக்கே உயிராபத்து என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. ஆனாலும் கவனியுங்கள்: பெல் அடிப்பதில் சேதம் இல்லை. கார்மேல் முட்டை வீசுவது, சுவரில் ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பது, தபால்பெட்டியை மட்டையால் அடித்து நொறுக்குவது எல்லாம் சேதக் கணக்கில் வரலாம். தபால்பெட்டிக்கு மத்தியச் சட்டம் தனியாக மூன்றாண்டு வரை சிறை வைத்திருக்கிறது. முட்டைக்காக ஒருவரைச் சுட்டவர் நீதிமன்றத்தில் தப்பிப்பது கடினம் என்றே நினைக்கிறேன். ஆனால் ‘ராத்திரியில் சுடலாம்’ என்று அரைகுறையாகப் படித்த ஆள் வாசலுக்கு வரும்போது அந்த நுணுக்கமெல்லாம் அவர் தலையில் ஓடாது.

இப்படிப்பட்ட வழக்குகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு பொது அம்சம் கண்ணில் படும். 1992இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ்: ஹாலோவீன் விருந்துக்கு வீடு மாறி வந்த 16 வயது ஜப்பானிய மாணவன். வீட்டுக்காரர் உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்து, மூடியிருந்த கதவைத் திறந்து சுட்டார். கிரிமினல் வழக்கில் விடுதலையானார், சிவில் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் மிசூரியின் கேன்சஸ் சிட்டி: தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுப் பையன் 115ஆவது டெரஸ் என்பதற்குப் பதில் 115ஆவது தெருவில் பெல் அடித்தான். 84 வயதுக்காரர் உள்கதவைத் திறந்து, வெளிக் கண்ணாடிக் கதவின் வழியே சுட்டார். பையன் பிழைத்தான், முதியவர் 2025இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதே வாரம் நியூயார்க் மாநிலத்தின் ஹெப்ரான்: வழிதவறி வளாகத்துக்குள் வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்த காரின்மேல் திண்ணையிலிருந்து சுட்டதில் 20 வயதுப் பெண் இறந்தார். சுட்டவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. எந்த வழக்கிலும் வந்தவர் பூட்டை உடைக்கவில்லை. இருவருக்கும் நடுவே இருந்த கதவைத் திறந்தவர், அல்லது அதைத் தாண்டி வெளியே வந்தவர், துப்பாக்கி வைத்திருந்தவர்தான்.

(துப்பாக்கி இல்லாமலும் இது நடக்கும். 2020 ஜனவரியில் கலிபோர்னியாவின் டெமெஸ்கல் வேலியில் பெல் அடித்துவிட்டுப் போன பையன்களை ஒருவர் காரில் துரத்தி மோதினார். 16 வயதுப் பிள்ளைகள் மூவர் இறந்தார்கள். அவருக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை.)

ஆகவே வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர் செய்ய வேண்டியது எளிது. இரவில் பெல் அடித்தால் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே ஒரு விளக்கைப் போடுங்கள். கேமரா பெல் இருந்தால் படுக்கையிலிருந்தே ஃபோனில் பார்த்து, அதன் ஸ்பீக்கர் வழியாகவே பேசுங்கள். யாரும் கதவை உடைக்கவில்லை என்றால் 911 தேவையில்லை, போலீசின் அவசரமல்லாத எண் போதும். யாராவது உண்மையிலேயே உடைக்க முயன்றால் வீட்டாரை ஓர் அறைக்குள் சேர்த்துப் பூட்டிக்கொண்டு 911ஐ அழையுங்கள். துரத்திக்கொண்டு வெளியே போகும்போது ‘கேசில்’ பாதுகாப்பை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

மிரட்டுவதற்காக ‘வானத்தைப் பார்த்து ஒரு வெடி’ என்பது இன்னொரு முட்டாள்தனம். மேலே போன குண்டு எங்கோ ஒரு தலையில் விழலாம். ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்துக்குள் பொறுப்பின்றிச் சுடுவது டெக்சஸில் தனிக் குற்றம். ஆள் இருக்கும் திசையில் தெரிந்தே சுட்டால் யாருக்கும் அடிபடாவிட்டாலும் 2 முதல் 10 ஆண்டு சிறை கிடைக்கலாம். அமெரிக்க வீட்டு உட்சுவர் பெரும்பாலும் இரண்டு ஜிப்சம் பலகைதான், 9 எம்எம் குண்டு பல சுவர்களைத் துளைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகும்.

தினமும் பெல் அடித்து உயிரை எடுக்கிறார்கள் என்றால், கேமரா பெல்லில் இரவுக்கு மட்டும் மணியை மௌனமாக்கும் வசதி இருக்கிறது. பழைய வயர் பெல் என்றால் அதன் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் பிரேக்கரை இறக்கிவிடுங்கள். சத்தமும் இல்லை, யாரும் ஓடி வரவும் இல்லை என்றால் பையன்களுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். முகம் தெரிந்தால் மறுநாள் பகலில் பெற்றோரிடம் வீடியோவைக் காட்டுங்கள். தெருக் குழுவில் போட்டுப் பிள்ளையை அவமானப்படுத்த வேண்டாம்.

போலீசை அழைத்தால் முதல் வாக்கியத்திலேயே ‘சின்னப் பசங்க’ என்று சொல்லுங்கள். 2014இல் கிளீவ்லாந்து பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோடு இருந்த 12 வயதுச் சிறுவனைப் பற்றி அழைத்தவர், அது போலியாக இருக்கலாம், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்தத் தகவல் காரில் வந்த அதிகாரிகளுக்குப் போகவே இல்லை. கார் வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சுட்டுவிட்டார்கள். அந்தப் பொம்மையில் ஆரஞ்சு முனையும் இல்லை. மகனின் பொம்மையில் அந்த முனை உடைந்திருந்தாலோ, கறுப்பு அடித்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

பிள்ளையிடம் ‘செய்யாதே’ என்று மட்டும் சொன்னால், நண்பன் வீட்டில் இரவு தங்கும் நாளில் அது காற்றில் போய்விடும். நிலைமை கையை மீறினால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். யாராவது சத்தம் போட்டுக்கொண்டு வந்தால் நின்று, இரண்டு கையையும் தெரியும்படி விரித்து, ‘சாரி’ என்று சொல்ல வேண்டும். வந்தவர் கையில் துப்பாக்கி இருந்தால் பேச நிற்காமல் ஓட வேண்டும். மறைவது செங்கல் சுவருக்கோ காரின் எஞ்சின் பக்கத்துக்கோ பின்னால். கார்க் கதவு தோட்டாவைத் தடுக்காது.

இரவு தங்க அனுப்பும் முன் அந்த வீட்டாரிடம், ‘உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கா, பூட்டித்தான் இருக்கா, தோட்டா தனியா இருக்கா?’ என்று கேளுங்கள். நம்மவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். நிலக்கடலை ஒவ்வாமை பற்றிச் சொல்லும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம். இந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்கென்றே அமெரிக்காவில் ஜூன் 21ஆம் தேதியை ஒதுக்கி ஒரு பிரச்சாரம் நடக்கிறது.