இணைப்பு அறிவிப்பைச் சுவரில் ஒட்டினால் போதுமா?

கேள்வி: எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு இணைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டிய கட்டாயம் உண்டா? அலுவலகச் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டால் போதுமா?

பதில்: கட்டாயம் எவ்வளவு என்பதை அந்தந்த இடத்து உள்ளாட்சிச் சட்டமே தீர்மானிக்கிறது. 1985-இல் உருவான ஐரோப்பிய உள்ளாட்சித் தன்னாட்சிச் சாசனத்தின் 5-ஆவது விதி, அப்பகுதி மக்களை முன்னதாகக் கலந்தாலோசிக்காமல் உள்ளாட்சி எல்லைகளை மாற்றக் கூடாது என்கிறது. சட்டம் இடம் தந்தால் பொதுவாக்கெடுப்பும் நடத்தலாம்.

இந்தியாவில் இது அவ்வளவு நேரானதாக இல்லை. கிராமப் பகுதியை நகர்ப்புற அமைப்பின்கீழ்க் கொண்டுவரும்போது அங்குள்ளவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1987-இல் இமாச்சலப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், கல்யாண் மாநகராட்சி அமைப்பது தொடர்பான வழக்கில் 1989-இல் அதே நீதிமன்றம், இது சட்டமியற்றும் தன்மை கொண்ட பணி என்பதால், சட்டம் வகுத்துள்ள நடைமுறைக்கு அப்பால் மக்கள் தனி விசாரணை கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே, சட்டப்படி வெளியாகும் வரைவு அறிவிப்பையும் அதில் தரப்படும் ஆட்சேப அவகாசத்தையும் சடங்காக நினைத்து விட்டுவிடாதீர்கள். பல நேரங்களில் உங்கள் குரலுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதுதான்.

சுவரொட்டி மட்டும் போதாது என்பதே என் உறுதியான கருத்து. ஓர் அலுவலகத்தில் நான் பார்த்த இணைப்பு அறிவிப்பின் கீழ்ப்பாதியை ஏல அறிவிப்பொன்று மறைத்திருந்தது. ஆட்சேபத்துக்கான கடைசி நாள் அந்த மறைந்த பாதியில்தான் அச்சாகியிருந்தது. அரசிதழில் வந்தாலும் அதை வாங்கிப் படிப்பவர் எத்தனை பேர்? நாளிதழ், கிராமசபை, ஒலிபெருக்கி என்று மக்கள் கண்ணிலும் காதிலும் படும் வழிகள் எல்லாவற்றிலும் செய்தி வந்தாக வேண்டும். எந்தப் புல எண்வரை, எந்தத் தெருவரை இணைப்பு என்ற எல்லை விவரமும் வரைபடமும், வரி விகிதம் எப்படி மாறும், ஊராட்சியின் சொத்தும் கடனும் யாரிடம் போகும், ஆட்சேபத்தை யாருக்கு, எந்த நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பனவும் அதில் இல்லையென்றால், அதைப் படித்தவர் எதை ஆதரிப்பார், எதை எதிர்ப்பார்?

முதலில் அரசிதழின் தேதியைக் கேட்டு அறியுங்கள். அவகாசத்தை எந்த நாளிலிருந்து கணக்கிடுவது என்பதைச் சட்டப் பிரிவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வாய்மொழிப் புகார் நிற்காது. வீட்டு வரி, குடிநீர், வேலை உறுதித் திட்டம் என உங்களுக்கு நேரும் பாதிப்பைத் தனித்தனியே எழுதி, நகலில் தேதியோடு அலுவலக முத்திரை பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.