பதில்: சூடானுக்காக ஜெபிக்க நின்றால் நம்பிக்கை வார்த்தை வரவில்லை

சூடானுக்காக ஜெபிக்க நிற்கும்போது நம்பிக்கை வார்த்தை வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். வராவிட்டால் சொல்லாதீர்கள். ஞாயிறு ஜெபக்கூட்டத்தை நீங்கள் நடத்துகிறீர்கள் என்பதற்காக "எல்லாம் சரியாகிவிடும்" என்று முடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. 88ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு அமருங்கள். அது ஆறுதல் இன்றியே முடிகிறது. ஆனாலும் அது ஜெபந்தான்.

நீங்கள் திணறுவதற்குக் காரணம் விசுவாசக் குறைவு அல்ல என்று நினைக்கிறேன். நிலைமை சீராகும் என்ற எதிர்பார்ப்பையும் கிறிஸ்தவ நம்பிக்கையையும் ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் ஒரு கோடிக்கும் அதிகமானோரை வீடு விட்டுத் துரத்தியது. அந்த எதிர்பார்ப்புக்கு அங்கே பிடிமானம் குறைவு. ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் பேசும் நம்பிக்கையோ பெருமூச்சுகளின் நடுவிலேயே நின்று, கண்ணுக்குத் தெரியாததற்காகக் காத்திருக்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். எழுதிவைத்த ஒவ்வொரு வாக்கியத்தையும், யாழ்ப்பாணத்தின் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்து, இலங்கை விமானப்படையின் 1995 யூலை 9 குண்டுவீச்சில் பிள்ளையை இழந்த ஒரு தாயின் முன் வாசிப்பதாக எண்ணுங்கள். நாக்கூசினால் வெட்டிவிடுங்கள். (எங்கள் ஊர்ப் பிரசங்கங்களில் பாதி இதில் தேறாது.)

மிஞ்சும் நேரத்தில் செய்தி சொல்லுங்கள்: சூடானில் அயலவர்களே நடத்தும் பொதுச் சமையலறைகள், அவற்றுக்காக உயிரைப் பணயம் வைக்கும் இளைஞர்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நவாலி உங்கள் சோதனைக்கு மட்டுமே. கூட்டத்தில் அதை எடுத்தால் பேச்சு முழுவதும் எங்கள் கதைக்குத் திரும்பிவிடும். சூடான் பெயரளவில் நிற்கும்.