ஆயில் மாற்றிய மறுநாளே ஒழுகினால்

வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள். 2004 மாருதி ஜென் காரில் சனிக்கிழமை ஆயில் மாற்றினேன், ஞாயிறு காலை பார்க்கிங்கில் தட்டு அகலத்துக்குக் கறை என்கிறீர்கள். வண்டியின் வயதைவிட, மாற்றிய விதத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புதியதை ஏற்றினால் இரண்டு வளையம். அழுத்தம் ஏறியதும் பிதுங்கி ஆயில் கொட்டும். என் பழைய காரிலும் இதேதான். கறுத்துத் தட்டையாகிப்போன வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தேன்.

இன்ஜின் ஆறியதும், கீழே ஒரு பேசின் வைத்து, ஃபில்டரைக் கழற்றி, அது உட்காரும் இன்ஜின் பக்கத்தைத் தடவிப் பாருங்கள்; பழைய வளையம் இருந்தால் எடுத்துவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது வளையத்தில் ஆயில் தடவி, அது உட்கார்ந்த பிறகு முக்கால் சுற்று. கையாலேயே போதும்.

அங்கே ஒரே வளையம்தான் என்றால் அடுத்தது டிரெய்ன் போல்ட், அதாவது பழைய ஆயிலை வடிக்க அடியில் கழற்றும் போல்ட். அதன் வாஷரை மாற்றுங்கள், சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். போல்ட்டை ரொம்ப முறுக்கினால் மரை போய்விடும்.

அப்புறம் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு காட்டும் குச்சி) பார்த்து ஆயில் நிரப்பி, அடிப்பக்கம் துடைத்து, கீழே அட்டை விரித்து, நின்ற இடத்திலேயே இன்ஜினை 5 நிமிடம் ஓட விட்டு எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் பின்பக்க ஆயில் சீலாக இருக்கலாம். அது கியர்பாக்ஸை இறக்கிச் செய்யும் பெரிய வேலை. ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், கத்திப்பாரா பாலத்தின் மேலே இருந்தாலும் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.