உட்கார்ந்தால் பட்டியல்தான் வருகிறது

அன்புள்ள ஐயா,

வேலையை விடுவதா, தொடர்வதா என்று நான்கு மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். 'கொஞ்சம் ஓய்வெடு, மனசு என்ன சொல்கிறது என்று கேள்' என்கிறார்கள். கண்ணை மூடி உட்கார்ந்தால் கட்டாத பில்லும் அனுப்பாத மெயிலும்தான் வருகின்றன. பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறேன். தூங்காவிட்டால் பயம் வருகிறது. எது பயம், எது உள்ளிருந்து வரும் குரல் என்று எப்படிப் பிரிப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உட்கார்ந்த பத்து நிமிடத்தில் தூங்கிப்போகிறீர்கள் என்றால் உடம்பு தனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டது. முதலில் அதைக் கொடுங்கள். ஒரு வாரம் இரவுத் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். பகலில் படுத்தால் 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவீர்கள், எழும்போது தலை கனக்கும். அந்த ஒரு வாரம் வேலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தூக்கம் கெட்டவனுக்கு எல்லா வழியும் அடைபட்டதாகத்தான் தெரியும்.

பட்டியல் வருவது உங்கள் குறையல்ல. டிமோதி வில்சன் என்ற உளவியலாளரின் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வெற்று அறையில் 15 நிமிடம் ஆட்களைத் தனியே உட்காரவைத்தார்கள். பொத்தானை அழுத்தினால் ஷாக் அடிக்கும். அந்த ஷாக்கைக் காசு கொடுத்தாவது தவிர்ப்பேன் என்று முன்பே சொன்னவர்கள்தான்; ஆனாலும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் அழுத்திப் பார்த்தார்கள். சும்மா இருப்பது அவ்வளவு சிரமம்.

ஆகவே உட்காரும் முன் ஐந்து நிமிடம் எழுதுங்கள். 'பில்' என்று எழுதினால் போதாது. 'வியாழன் காலை பத்து மணிக்கு பில் கட்டுகிறேன்' என்று எழுத வேண்டும். முடியாத வேலையின் நச்சரிப்பு, எப்போது எப்படி என்று திட்டம் போட்டதுமே அடங்கிவிடுகிறது, வேலை முடியாவிட்டாலும்கூட. மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011இல் இதைக் காட்டினார்கள்.

பிறகு 15 நிமிடம். நிமிர்ந்த நாற்காலி, தரையில் பாதம். படுக்கை வேண்டாம். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். நேரம் பார்க்கச் சாதாரணக் கடிகாரம் போதும், போனில் அலாரம் வைத்தால் அலாரத்தை அணைத்த கை மெயிலைத் திறக்கும். முதல் ஐந்து நிமிடம் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை விடும்போது இதயத்துடிப்பு சற்றுத் தணியும், அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். தலை சுற்றினால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று பொருள். ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் வருவது அது. எண்ணுவதை விட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

இப்போது கேள்வி. 'நான் என்ன செய்யட்டும்?' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. 'வேலையை விட்டுவிட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லி ஒரு நிமிடம் இருங்கள். பிறகு 'தொடர்கிறேன்' என்று சொல்லி இன்னொரு நிமிடம். தாடை இறுகுகிறதா, வயிறு பிசைகிறதா, தோள் தளர்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாக்கியமாக எதுவும் கேட்காவிட்டால் ஏமாற வேண்டாம். ரஸ்ஸல் ஹர்ல்பர்ட் என்ற உளவியலாளர், எதிர்பாராத நேரத்தில் ஒலிக்கும் பீப்பரைக் கொடுத்து, அந்தக் கணத்தில் மனதில் என்ன இருந்தது என்று ஆட்களைக் குறிக்கச் சொன்னார். சிலருக்குச் சொற்கள், சிலருக்குக் காட்சிகள், சிலருக்கு இரண்டும் இல்லாத வெறும் எண்ணம்.

(மௌனத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இந்தப் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.)

எழுந்ததும் நான்கே குறிப்பு: தேதியும் நேரமும், முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், பசியா இல்லையா, வந்தது என்ன. இரண்டு வாரம் இதைச் செய்த பிறகுதான் உங்கள் கேள்விக்கு வர முடியும். ஒரே உட்காரலில் பயத்தையும் குரலையும் பிரிக்க யாராலும் முடியாது என்பது என் கருத்து. தூக்கம் கெட்ட நாளிலும் பசித்த நேரத்திலும் மட்டும் தலைகாட்டுவதை ஒதுக்கிவையுங்கள். நன்றாகத் தூங்கி, சாப்பிட்ட நாளிலும் அதே சொல்லோ அதே வயிற்றுப் பிசைவோ வந்தால் அதைப் பொருட்படுத்துங்கள். அதற்காகப் பயத்தைப் பொய் என்று தள்ளிவிடவும் வேண்டாம். 'கையில் பணம் இல்லை' என்று அது சொன்னால், அது மனம் சார்ந்த விஷயமே அல்ல, கணக்கு. சேமிப்பு எத்தனை மாதச் செலவுக்கு வரும் என்று உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள்.

குறிப்புகள் பாதிக்குப் பாதி பிரிந்தால் கேள்வியே தவறாக இருக்கலாம். 'வேலை' என்ற இடத்தில் 'மேலாளர்', 'வேலை நேரம்', 'பயணம்' என்று ஒவ்வொன்றாகப் போட்டு மறுபடி சொல்லிப் பாருங்கள். பலருக்கு வயிறு பிசைவது இவற்றில் ஒன்றுக்குத்தான்.