டெங்கி: சிங்கப்பூர் வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்க புளோக் கீழே மஞ்சள் பலகை இருந்துச்சு, இப்போ சிவப்பாயிடுச்சு. என்ன அர்த்தம் சார்? (யீஷூன்)

150 மீட்டருக்குள், 14 நாளுக்குள் இரண்டு பேருக்காவது டெங்கி வந்தால் அது குழுமம். நோயாளிகள் பத்துக்குக் கீழே என்றால் மஞ்சள் பலகை, பத்தைத் தொட்டால் சிவப்பு. பச்சை என்றால் புதிதாக யாருக்கும் வரவில்லை, ஆனால் கண்காணிப்பு தொடர்கிறது. பச்சையைப் பார்த்துவிட்டு வாளியில் தேங்கும் நீரை மறந்துவிடாதீர்கள்.

தினமும் வாளித் தண்ணியைக் கொட்டிடுறேன். சோதனைக்கு வந்த சுற்றுப்புற வாரிய அதிகாரி விளிம்பைத் தடவித் தடவிப் பார்க்கிறாரே, ஏன்? (தெம்பனிஸ்)

அவர் தேடுவது முட்டையை. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் முட்டையிடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டிவிடும். கண்ணுக்கு மிளகுத்தூள் சிந்தியதுபோல் தெரியும். தண்ணீரைக் கொட்டினால் அது போகாது. காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடு இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரியும். ஆகவே கொட்டிய பிறகு விளிம்பையும் உள்சுவரையும் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, வாளியைக் கவிழ்த்து வையுங்கள். முட்டை கொசுவாக மாற ஏழு நாளே போதும். வாரம் ஒருமுறை என்பது கடைசிக் கெடு.

பூஜை அறையில் செம்பில் தண்ணி, உருளியில் பூ, வெளியே துளசித் தொட்டி. எதை எடுக்கணும்? (லிட்டில் இந்தியா)

எதையும் எடுக்க வேண்டாம். செம்பு, உருளி நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். துளசியில் ஆபத்து தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுதான். மேல்மண் இறுகினாலும் நீர் தேங்கும், கிளறி விடுங்கள். இருபது காசு அகலத் தண்ணீரே கொசுவுக்குப் போதும்.

தீபாவளிக்கு மூணு வாரம் ஊருக்குப் போறோம். வீட்டைப் பூட்டினா போதுமா? (செங்காங்)

போதாது. கழிவறைத் தொட்டியை மூடுங்கள், குளியலறைத் தரைவடிகாலை அடையுங்கள். பூச்சாடி, வாளி, துணி காயவைக்கும் மூங்கில் கழியைச் செருகும் குழாய் எதிலும் நீர் இருக்கக்கூடாது. சாவியை நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போனால், சோதனைக்கு வருபவர்கள் உள்ளே பார்க்கலாம். கொசு இனப்பெருக்கம் கண்டுபிடிக்கப்பட்டால் 200 வெள்ளியிலிருந்து அபராதம்.

கொசுவை ஒழிக்கச் சொல்லிட்டு சுற்றுப்புற வாரியத்துக்காரங்களே கொசுவை விடுறாங்களே! (புக்கிட் பாத்தோக்)

கேலி நியாயம்தான். ஆனால் விடப்படுபவை ஆண் கொசுக்கள், அவை கடிக்காது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா அவற்றில் இருக்கும். அது இல்லாத பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. களச்சோதனை 2016இல் தொடங்கியது. புகை அடிப்பது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும்; வாளியில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. நடைபாதையில் வைத்திருக்கும் கறுப்புப் பொறியும் முட்டையிட வரும் பெண் கொசுவைப் பிடிக்கத்தான். நகர்த்தாதீர்கள், குப்பை போடாதீர்கள்.

அம்மாவுக்கு டெங்கி. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கிடுச்சு. தேறிட்டாங்கன்னு எடுத்துக்கலாமா? (ஜூரோங்)

இல்லை, கவனம் அதிகம் தேவைப்படுவதே இப்போதுதான். காய்ச்சல் தணியும் அந்த ஓரிரு நாளில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது மோசமாகலாம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், தள்ளாட்டம், சிறுநீர் குறைவது: ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவு. காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும், சீட்டில் உள்ள அளவுக்கு. ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். அவருக்கும் கொசுவிரட்டி பூசுங்கள். அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகும்.